இர்யா கையை எடுத்துக்கொண்ட கதை

இர்யா கோஸ்கெலாவின் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கனடாவின் தண்டர் பே நகரத்தில், ஏரிப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருஷமாக வகுப்பு உதவியாளர் வேலை. ஜனவரியில், வெளியே போனால் மூக்கு மயிர் உறைகிற குளிரில், இடைவேளை மணி அடித்ததும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குப் பனிச்சட்டை மாட்டி, ஜிப் இழுத்து, தொப்பி கவிழ்த்து, கையுறை திணித்து, ஏழே நிமிஷத்தில் வாசலுக்குத் தள்ளிவிடுவாள். பிள்ளைகள் முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும்.

பக்கத்து வகுப்பில் இதற்கு அரை மணி ஆகும்.

"அங்க பிள்ளைங்களே போட்டுக்கணுமாம்" என்று உதட்டைப் பிதுக்குவாள் இர்யா. "அதுங்க போட்டு முடிக்கறதுக்குள்ள ஏரிப் பனியே உருகிடும்."

அவள் அம்மா மரம் வெட்டும் முகாமில் நாற்பது ஆண்களுக்குச் சமைத்துப் போட்டவள். இர்யா பதினோரு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தாள். அந்தக் கூடத்தை மூடியதும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். புருஷன் ரெய்னோ காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறான். ஒரே மகள் கால்கரியில். ஐம்பத்தெட்டு வயது, பருத்த மணிக்கட்டு, எப்போதும் சுருட்டி விட்ட கம்பளிச் சட்டைக் கை. யாராவது தடுமாறினால், அவர்கள் கேட்பதற்கு முன்பே இர்யாவின் கை அங்கே போய் நிற்கும். அது நல்ல குணம்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த நல்ல குணம்தான் அந்த வருஷம் அவளைக் குப்புறத் தள்ளியது.

அவள் பொறுப்பில் ஸேனியா என்றொரு பெண் குழந்தை இருந்தாள். ஏழு வயது. ஆட்டிசம். வாய் திறந்து ஒரு சொல் வந்ததில்லை. சத்தம் கூடினால் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே போய், தொங்குகிற சட்டைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அம்மா கொரின் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள். தனியாகத்தான் வளர்த்தாள். மூன்று மணிக்கு மகளைக் கூட்டிப் போக வரும்போது பாதி நாள் அவள் புருவத்தில் பனி ஒட்டியிருக்கும். ஏழு வருஷத்தில் மகளுக்கு என்ன பிடிக்கும், எங்கே வலிக்கும் என்று ஒருமுறைகூட மகள் மூலமாகவே அறிந்துகொண்டதில்லை. எல்லாம் ஊகம்தான்.

ஜனவரிக் கடைசியில் அந்த டேப்லெட் வந்தது. பாடப்புத்தக அளவு, கைப்பிடி வைத்த நீல ரப்பர் உறை. திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள், அறுபது கட்டம். ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைச் சிறுமியின் குரலில் அது சொல்லும். சில கட்டங்கள் கதவு மாதிரி. தொட்டால் உள்ளே இன்னொரு பக்கம் திறக்கும். சாப்பாட்டுக்கு ஒரு பக்கம், உடம்புக்கு ஒரு பக்கம், இப்படி.

ஆனால் இரவல்தான். பன்னிரண்டு வாரம். அதற்குள் ஸேனியா அதை வைத்துப் பேசுகிறாள் என்று தெரிந்தால் கல்வி வாரியம் அவளிடமே விட்டுவிடும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்து நிற்கிற குழந்தைக்குப் போய்விடும். பட்டியல் நீளம். மறுபடி இவள் முறை வர இரண்டு வருஷம் ஆகலாம்.

அதைக் கொண்டுவந்தவள் பேச்சுப் பயிற்சியாளர் சிமோன். சின்னப் பெண். ஆறு பள்ளிக்கூடங்களுக்குத் தானே காரோட்டிப் போகிறவள். இங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வர முடியும்.

"இர்யா, நீங்க அமுக்கிப் பேசுங்க, அவ பார்க்கட்டும். அவ கையைப் பிடிச்சு அமுக்க வைக்காதீங்க. ஏதாவது கேட்டீங்கன்னா மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அவளா வரணும்."

"சரிம்மா, சரி" என்றாள் இர்யா. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

சிமோனின் கார் தெருமுனை திரும்பியிருக்காது. இர்யா தன் பையிலிருந்து புல்லாவை எடுத்தாள். ஏலக்காய் இடித்துப் போட்டு, ஜடை பின்னினதுபோல் பின்னிச் சுடுகிற ஃபின்லாந்து இனிப்பு ரொட்டி. தினமும் அவள் வீட்டு அடுப்பில் சுடுவது. அதை மேசையில் வைத்துவிட்டு, "ரொட்டி வேணுமாடா கண்ணு?" என்றாள். பத்து வரைக்கும் எண்ணவும் ஆரம்பித்தாள். மூன்றாவது எண்ணிலேயே கை போய்விட்டது. கையைப் பிடிக்கவில்லை, முழங்கையைத்தான் தாங்கினாள். ஒரு விரலால் லேசாக, இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் மேலே.

"ரொட்டி" என்றது டேப்லெட்.

வகுப்பே கைதட்டியது. ஆசிரியை மிஸ் டால்பி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கேட்பானேன்! 'ரொட்டி', 'இன்னும்', 'நன்றி', 'காலை வணக்கம்'. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து. ஒவ்வொரு தடவையும் இர்யாவின் விரல் அந்தச் சின்ன முழங்கைக்குக் கீழே. கையைத் தொடாதே என்றுதானே சிமோன் சொன்னாள், முழங்கையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லையே என்று இர்யா தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். ஸேனியா ரொட்டியை வாங்கிப் பொடிப்பொடியாக உதிர்ப்பாள். விளையாடுகிறாள், பாவம், என்று இர்யா நினைத்துக்கொள்வாள்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி மூன்று மணிக்கு கொரின் வந்து வாசலில் நின்றபோதும் அந்த விரல் சும்மா இருக்கவில்லை.

"அம்மா" என்றது டேப்லெட்.

கொரின் ஈரத் தரையில், பனிப் பூட்ஸோடு முட்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு பெரிய வண்டி ஓட்டுகிற பெண், குழந்தை மாதிரி விசும்பினாள். இர்யாவும் அழுதாள். அந்த நிமிஷம் அது பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. குழந்தை மனசில் இருந்ததைத்தானே எடுத்துக் கொடுத்தோம்?

ஐந்தாவது வாரம் இர்யாவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் வரவில்லை. அந்தக் கருவி எந்தச் சொல் எந்த நாள், எந்த மணிக்கு வந்தது என்று தனக்குள்ளேயே பதிந்து வைத்துக்கொள்ளும். அந்த மூன்று நாளும் அதில் வெறும் வெற்று. சனி ஞாயிறுகளில் வீட்டிலும் வெற்றுதான்.

"நான் இல்லாம ஏங்கிப் போயிருக்கா குழந்தை" என்றாள் இர்யா, கொஞ்சம் பெருமையாகவே.

பனிப்புயலில் இரண்டு தடவை வர முடியாமல் போன சிமோன் ஏழாவது வாரம்தான் வந்தாள். பதிவைப் பார்த்தாள். ஒரு மூலையில் உட்கார்ந்து கவனித்தாள். சிற்றுண்டி நேரத்தில் எழுந்து வந்து தன் காபிக் கோப்பையை இர்யாவிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. ரெண்டு கையாலயும். சுடுது."

இர்யா பிடித்துக்கொண்டாள். ரொட்டி மேசையில் இருந்தது. டேப்லெட் ஸேனியாவுக்கு முன்னால் இருந்தது. குழந்தை திரையைப் பார்த்தாள். பிறகு வலது முழங்கையை மெல்லத் தூக்கி, கோழிக்குஞ்சு சிறகை விரிப்பதுபோல் இர்யாவின் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டாள். காத்திருந்தாள். இர்யாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முழங்கையை இறக்கிக்கொண்டு கோட்டுகளுக்கு அடியில் போய்விட்டாள்.

முகவாயைத் தூக்கி நிற்கிற இருபத்திரண்டு பிள்ளைகள் இர்யாவின் கண்முன் வந்து நின்றார்கள். ஆனாலும் வாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவளுக்குப் பசி இல்ல."

"இர்யா..."

"பத்தொன்பது வருஷம், பொண்ணே! உனக்குப் பால் பல்லு விழறதுக்கு முன்னாடியிருந்து நான் பிள்ளைங்களோட கிடக்கறேன்."

"அதனாலதான் உங்களையே கேக்கறேன்" என்றாள் சிமோன். குரலை உயர்த்தவில்லை. "நானூத்திப் பன்னெண்டு சொல்லு இருக்கு இதுல. எத்தனை அவளோடது?"

இர்யா கோப்பையைப் பட்டென்று வைத்தாள். கழுவி வைத்த தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் மறுபடி கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரெய்னோவும் அவளும் வழக்கமாகப் போகிற பான்கேக் கடைக்குப் போனார்கள். முப்பது வருஷமாக அதே ஜன்னலோர மேசை. அங்கே அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். சிமோனைத் திட்டினாள், கருவியைத் திட்டினாள், வாரியத்தைத் திட்டினாள். ரெய்னோ முழுவதையும் கேட்டான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான்.

"என்ன சிரிப்பு?"

"அந்தப் பிள்ளை பாவம். எனக்காவது வாய் இருக்கு."

"இருந்து என்ன? நீதான் தொறக்கறதே இல்லையே."

"தொறக்க விட்டாத்தானே?"

பரிமாறுகிற பெண் வந்து பென்சிலோடு நின்றாள். 'அவருக்குப் பான்கேக், தொத்திறைச்சி, காபி' என்று சொல்ல இர்யாவின் வாய் பாதி திறந்தது. மூடிக்கொண்டாள். வீம்புக்குத்தான் மூடினாள். மனசுக்குள் எண்ணினாள். நாலு... அஞ்சு... பரிமாறுகிற பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏழு என்று எண்ணும்போது ரெய்னோ தொண்டையைச் செருமினான்.

"மீன் சூப்பு" என்றான். "காபி வேணாம். மோர் இருந்தா மோர்."

இர்யா வாயைப் பிளந்தாள். "உனக்குப் பான்கேக் பிடிக்காதா?"

"பிடிக்கும். எப்பவாவது."

அவன் சூப்பை ரசித்துக் குடித்து முடிக்கிறவரை இர்யா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவள் நினைத்துக்கொண்டிருந்தது ரெய்னோவை அல்ல. ஈரத் தரையில் முட்டி போட்ட கொரினை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு கொரின் வந்ததும் இர்யா அவளைக் கோட்டு அறைக்குக் கூட்டிப் போனாள்.

"ஒண்ணு சொல்லணும். உக்காந்துக்கோ."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். என்ன, யாரையாவது கடிச்சுட்டாளா?"

"அவ ஒண்ணும் பண்ணல. நான்தான். இத்தனை நாள் அவ பேசினதெல்லாம் அவ பேசல, கொரின். நான் முழங்கையைத் தள்ளிக்கிட்டே இருந்திருக்கேன். வேணும்னு பண்ணல. ஆனா பண்ணிட்டேன்."

கொரின் கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"அப்ப அன்னைக்கு... அம்மான்னது?"

"என் கை."

"காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்" என்றாள் கொரின். அவ்வளவுதான் சொன்னாள். மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். வெளியே வண்டிக் கதவு அறைந்து சாத்திய சத்தம் வகுப்பு வரைக்கும் கேட்டது.

இரண்டு நாள் அவள் இர்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நேராக வந்து நின்றாள்.

"வேற ஆள் போடட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன்."

இர்யா ஏதோ சொல்ல வந்தாள்.

"நன்றி சொல்லாதீங்க. உங்க மேல கோவம் போகல. வர்றவளும் இதையேதான் பண்ணுவா. உங்களுக்காவது என்ன பண்ணோம்னு தெரியும். இன்னும் அஞ்சு வாரம் கூட இல்ல. கையைப் பாக்கெட்டுல வச்சுக்கோங்க."

"வச்சுக்கறேன்."

"வச்சுத் தச்சுக்கோங்க."

அப்படித்தான் அந்த நாட்கள் தொடங்கின. சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாற்பது பேருக்குச் சமைப்பது அதைவிடச் சுலபம். இர்யா தன் கைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். விரல் மரத்துப்போகும். ஸேனியா முழங்கையைத் தூக்குவாள். அது அந்தரத்தில் நிற்கும், இறங்கும். ஒருநாள் குழந்தை அலறி டேப்லெட்டை வீசியெறிந்தாள். நீல ரப்பர் உறை காப்பாற்றியது. இர்யா அதை எடுத்து, துடைத்து, மறுபடி அவள் முன் வைத்தாள். பிறகு கைகளின் மேல் உட்கார்ந்தாள். அவளிடம் இருந்த பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை நாள் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டிருந்த அது, இப்போதுதான் சரியான பக்கம் இழுக்க ஆரம்பித்தது.

தன் பேச்சுக்கும் அவள் டேப்லெட்டையே பயன்படுத்தினாள். சிமோன் முதல் நாளே சொன்னது இதைத்தான். 'எனக்கு', 'வேணும்', பிறகு 'காபி'. காபியைக் கண்டுபிடிக்க அவளுக்கு முழுதாக ஒரு நிமிஷம் ஆனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், இறக்கினாள், தவறான கதவுகளைத் திறந்தாள்.

"கழுதை" என்றது டேப்லெட்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரூபர்ட் என்கிற வாயாடிப் பையன், "மிஸஸ் கோஸ்கெலா, நீங்க கழுதையையா குடிக்கப் போறீங்க?" என்றான்.

"ஆமாண்டா, சக்கரை போட்டு."

இத்தனை நாள் அறுபது கட்டத்துக்குள் ஒரு சொல்லைத் தேடுவது என்ன பாடு என்று அவள் யோசித்ததே இல்லை. அடுத்தவர் விரலுக்கு வழி காட்டத்தான் தெரிந்திருந்தது. அவள் தேடுவதை ஸேனியா கோட்டுகளின் இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது வாரம் ஒரு சொல் இல்லை. மிஸ் டால்பி கவலைப்பட்டாள். "லேசா ஒரு தொடல் தொட்டா என்ன இர்யா? ஆரம்பிச்சு வைக்கத்தானே?"

"கிட்ட வராத" என்றாள் இர்யா. "எனக்கே கை நமநமங்குது. நீ வேற ஏத்தி விடாத."

ஒன்பதாவது வாரம், செவ்வாய்க்கிழமை, சிற்றுண்டி நேரம். வழக்கம்போல் இர்யா புல்லாவை மேசையில் வைத்தாள். 'ரொட்டி', 'வேணுமா' என்று தன் விரலால் அமுக்கிக் கேட்டுவிட்டுக் கைகளின் மேல் உட்கார்ந்தாள். எண்ணினாள். பத்து ஆனது. இருபது ஆனது. ஸேனியா முழங்கையைத் தூக்கவில்லை. ஒற்றை விரலை நீட்டினாள். ஒரு கதவைத் திறந்தாள். அந்தக் கதவை இர்யா இதுவரை ஒருநாளும் திறந்ததில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அந்தப் பக்கத்தில் விரல் அலைந்தது, நின்றது, அமுக்கியது.

"நாத்தம்" என்றது டேப்லெட்.

ஸேனியா ரொட்டித் தட்டை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினாள். திரும்ப அமுக்கினாள்.

"நாத்தம்."

ஏலக்காய்! அந்தக் குழந்தைக்கு ஏலக்காய் வாசனையே ஆகாது. ஏழு வாரம் அவள் பேரைச் சொல்லி தினமும் 'ரொட்டி வேணும், இன்னும் வேணும், நன்றி' என்று கேட்டு வாங்கி, அவள் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கிறாள் இர்யா. உதிர்த்துப் போட்டது விளையாட்டே இல்லை.

"வோய் வோய்!" என்று தன் ஃபின்னிஷ் மொழியில் அங்கலாய்த்துக்கொண்டே எழுந்தாள் இர்யா. ரொட்டியைப் பையில் திணித்து, பையைக் கொண்டுபோய் வெளி வராந்தாவில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. அன்று மதியத்துக்குள் சமையல்காரி, பேருந்து ஓட்டுநர், காவலாளி, தலைமையாசிரியர் எல்லோருக்கும் சொல்லி முடித்தாள். "என் ரொட்டி நாறுதாம்! அவளே சொன்னா! அவளே!" பரிசு வாங்கினவள்கூட இத்தனை பேரிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

மூன்று மணிக்கு கொரின் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"நிஜமாவா? உங்க கை எங்க இருந்துது?"

"என் அடியில. ரூபர்ட்டைக் கேளு."

"அவங்க கை மேலதான் உக்காந்திருந்தாங்க" என்று ரூபர்ட் சாட்சி சொன்னான். "பெரிய உடம்பு, கை வெளிய வர வாய்ப்பே இல்ல."

கொரின் சிரித்தாள். இர்யா அவள் சிரிப்பைப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. "வீட்டு காலண்டர்ல அந்த வட்டத்தை அழிச்சிட்டேன்" என்றாள். "அம்மாங்கறதை அவளுக்குத் தோணும்போது சொல்லிக்கட்டும். இன்னைக்கு இது போதும்."

அதன்பின் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'போ.' 'சத்தம்.' 'இல்ல.' 'ஈரம்.' சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றுமில்லை. பெரும்பாலும் எரிச்சல்தான். அது அவளுடைய எரிச்சல்.

ஏப்ரலில் பன்னிரண்டு வாரம் முடிந்தது. வாரியத்திலிருந்து ஹாரியட் என்கிற அம்மாள் வந்தாள். சாந்தமான முகம், சாம்பல் நிறக் கோட்டு. வகுப்பின் பின்மேசையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஸேனியா மேசைக்குக் கீழே, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஹாரியட் தாளைப் புரட்டினாள். "முதல் ஏழு வாரம் நானூத்திப் பன்னெண்டு. ரொம்ப நல்லா இருக்கு. அப்புறம் ஏன் இப்படி விழுந்துடுச்சு? அஞ்சு வாரத்துல வெறும் முப்பத்தொண்ணு."

சிமோன் வாயைத் திறப்பதற்குள் இர்யா முந்திக்கொண்டாள்.

"அந்த நானூத்திப் பன்னெண்டை அடிச்சிடுங்க. அது என்னோடது."

"புரியலையே?"

"முழங்கையைத் தள்ளித் தள்ளி நான் பேசினது. அந்தக் குழந்தை பேசினது முப்பத்தொண்ணுதான்."

ஹாரியட்டின் பேனா நின்றது. "நீங்க சொல்றதைப் பார்த்தா எண்ணிக்கை ரொம்பக் குறையுதே. பட்டியல்ல காத்திருக்கற பிள்ளைங்களை நான் நினைக்கணும் இல்லையா?"

கொரினின் கழுத்து சிவந்தது. "முப்பத்தொண்ணு உங்களுக்குக் கம்மியா தெரியுதா? ஏழு வருஷமா எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல."

"கோவப்படாதீங்க. நான் அவளையே பார்த்துட்டுப் போறேனே." ஹாரியட் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள். "ஸேனியா, உன் பேரை எனக்குச் சொல்லுவியா கண்ணு?"

ஒன்றும் இல்லை. இர்யா கைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். சிமோன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் இந்த ஒரு நிமிஷத்தில் போய்விடுமோ என்று கொரின் கண்ணை மூடிக்கொண்டாள். ஹாரியட்டும் நல்ல மனசுக்காரிதான். குழந்தை தோற்றுவிடக் கூடாதே என்று அவளுக்கும் இருந்தது. தன்னை அறியாமலே கையை நீட்டி, அந்தச் சின்ன முழங்கைக்குக் கீழே ஒரு விரலை வைத்தாள்.

ஸேனியா முழங்கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். உடம்பையே திருப்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிறகு விரல் திரையில் இரண்டு இடத்தில் இறங்கியது.

"தொடாத. நானே."

ஹாரியட் நெருப்பைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். முகம் முழுக்கச் சிவந்துபோனது. நிமிர்ந்து உட்கார்ந்து தன் விரலைப் பார்த்தாள்.

"நானே பண்ணிட்டேனே" என்றாள்.

"எல்லாரும்தான் பண்றோம்" என்றாள் இர்யா. அவளைத் தட்டிக்கொடுக்கக் கை எழுந்தது. அதையும் அடக்கிக்கொண்டாள்.

ஹாரியட் தாளில் நானூற்றுப் பன்னிரண்டைக் கோடு போட்டு அடித்தாள். முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் 'இன்னும் இரண்டு' என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். டேப்லெட் ஸேனியாவுக்கே. இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனாலும் கூடவே போகும்.

அதற்கு மறுவாரம் தொடங்கியது குதிரை. கணக்குப் பாடம் நடக்கும்போது திடீரென்று, "குதிரை." கொஞ்சம் கழித்து, "குதிரை. குதிரை. குதிரை." ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை. மிஸ் டால்பி தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இர்யா, பாடம் முடியற வரைக்கும் அந்தச் சத்தத்தையாவது கம்மி பண்ணேன். தலை கிர்ருங்குது."

"ரூபர்ட் காலையிலருந்து ஓயாம பேசறான். அவன் சத்தத்தைக் கம்மி பண்ணச் சொன்னியா?"

"எனக்கெங்க பட்டன் இருக்கு!" என்றான் ரூபர்ட்.

எந்தக் குதிரை, எங்கே பார்த்தாள், யாருக்கும் தெரியவில்லை. வகுப்பில் குதிரைப் படம் கிடையாது. வீட்டில் குதிரைப் பொம்மை கிடையாது. "நாங்க குதிரை பக்கத்துலயே போனதில்லையே" என்றாள் கொரின். யாரும் ஸேனியாவின் வாயில் ஊட்டாத சொல். அது அவள் மனசுக்குள்ளிருந்தே வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் அவளும் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமை கொரின் வண்டியை எடுத்தாள். வாசலில் ஹாரனை அடித்து இர்யாவையும் ஏற்றிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் மேற்கே போனால் ஒரு பண்ணை. ஈரம் காயாத மண், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழட்டுப் பழுப்புக் குதிரை, வைக்கோலை மென்றுகொண்டு நின்றது. ஸேனியா வேலியிடம் போனாள். டேப்லெட் தோள்வாரில் மார்புக்கு நேரே தொங்கியது. அவள் குதிரையைப் பார்த்தாள். குதிரையும் அவளைப் பார்த்தது. கொரினும் இர்யாவும் பத்தடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இர்யா எண்ணவில்லை. எண்ணுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

வெகுநேரம் கழித்து அந்தச் சின்னக் குரல் கேட்டது.

"பெருசு."

"ஆமா, பெருசுதான்" என்றாள் கொரின்.